டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் முதல் நாள்: டாசன் சிட்டியிலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை மோட்டார் சைக்கிளில் போக ஒரு வழிகாட்டி

கனடாவின் வடமேற்கில், யூகான் பிரதேசத்து டாசன் சிட்டிக்கு அருகே தொடங்கி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இனுவிக் வரை போகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 740 கி.மீ., கிட்டத்தட்ட முழுவதும் சரளைச் சாலை. இனுவிக்கிலிருந்து இன்னும் 140 கி.மீ. போனால் ஆர்க்டிக் கடற்கரையில் டுக்டோயாக்டுக் கிராமம். 2017 நவம்பரில் அந்தக் கடைசித் துண்டும் திறக்கப்பட்டதிலிருந்து, பைக்கிலேயே கடல் வரை போய்விட்டு வரலாம் என்ற ஆசை நிறையப் பேருக்கு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

ஏற்பாடு செய்யத் தொடங்கியதும்தான் சிரமம் தெரிந்தது. எதுவும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. பெட்ரோலைப் பற்றிச் சொல்பவருக்கு இன்சூரன்ஸ் தெரியாது. வண்டி வாடகைக்கு விடுபவர் சாலையைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார். சாலையைக் கரைத்துக் குடித்தவருக்கு விசா பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அலைந்து சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

டாசன் சிட்டியிலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரையிலான முதல் நாளை மட்டும் எழுதுகிறேன். சுமார் 410 கி.மீ. நடுவில் பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. முழுச் சாலையிலும் பெட்ரோல் கிடைக்காத மிக நீளமான பகுதி இதுதான். இந்த ஒரு நாளுக்குச் சரியாகத் தயாரானால், மிச்சமுள்ள நாள்களுக்கும் அதே தயாரிப்பு போதும்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், உபரி நாள்களை ஒதுக்குங்கள்

பைக்குக்கு ஏற்ற காலம் ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. ஈகிள் ப்ளெயின்ஸைத் தாண்டிப் போக நினைத்தால் பீல் ஆற்றிலும் மெக்கன்ஸி ஆற்றிலும் படகில் கடக்க வேண்டும். பனிக்கட்டி உடைந்து ஆறு தெளிந்த பிறகுதான் அந்தப் படகுகள் ஓடத் தொடங்கும். பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில். மே மாதத்தில் மலிவு டிக்கெட் கிடைக்கிறதே என்று போனால் ஆற்றங்கரையில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் இரவு இருட்டாது. அதனால் வெளிச்சம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் கொசு அப்போதுதான் உச்சம். தலைக்குப் போடும் கொசுவலை இல்லாமல் ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது. ஆகஸ்ட் கடைசியில் கொசு அடங்கி, தரைச் செடிகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். குளிர் கூடும், மேட்டுப் பகுதியில் பனி விழவும் வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் நடுப்பகுதி.

விமான டிக்கெட்டை விட முக்கியம் உபரி நாள்கள். மழை பெய்தால் இந்தச் சாலையின் சில பகுதிகளில் இரண்டு சக்கரத்தில் போகக்கூடாது. கிளம்பும் பக்கம் 2 நாள், திரும்பும் பக்கம் 1 நாள் என்று குறைந்தது 3 நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். லீவு போதவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள், உபரி நாளைக் குறைக்காதீர்கள். இந்தச் சாலையில் விழுந்து அடிபட்டவர்கள் சொன்ன கதைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: மழை என்று தெரிந்தும், மறுநாளுக்கு இடமில்லை என்பதால் கிளம்பினோம்.

2. காகிதங்கள்

கனடாவில் வசிப்பவர்களுக்கு:

ஒன்டாரியோ உரிமம் என்றால் எம்2 அல்லது முழு எம் வேண்டும். எம்1 என்பது 90 நாள் மட்டுமே செல்லும் பழகுநர் உரிமம். அதை வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தை நினைக்க வேண்டாம். வண்டியின் ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் அட்டை இரண்டும் காகிதமாகவே கையில் இருக்கட்டும். செயலியில் இருக்கிறது என்று நம்பினால், சிக்னல் இல்லாத இடத்தில் அது திறக்காமல் போகலாம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு:

முதலில் பார்வையாளர் விசா. கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். காத்திருக்கும் காலம் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகஸ்டில் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விசா கைக்கு வராமல் வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இந்தியாவில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் உரிமத்தில் கியர் வண்டி வகை இருக்கிறதா, அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை குத்தியிருக்கிறார்களா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். கார் பிரிவில் மட்டும் முத்திரை இருந்தால், வண்டி வாடகைக்கு எடுக்கும் வைட்ஹார்ஸ் நகரம் வரை வந்தும் சாவி கையில் கிடைக்காது. சொந்த நாட்டு அசல் உரிமத்தையும் கூடவே கொண்டுவர வேண்டும். அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது.

எல்லோருக்கும்:

மருத்துவக் காப்பீடு. வெளிநாட்டவருக்கு இது தேவை என்பது சொல்லாமலே புரியும். ஒன்டாரியோக்காரர்கள்தான் ஏமாறுவார்கள். "நமக்குத்தான் ஓஹிப் இருக்கிறதே" என்ற நினைப்பு. ஓஹிப் என்பது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு. வெளி மாகாணத்தில் மருத்துவமனைச் செலவை ஓஹிப் ஏற்கும், ஆம்புலன்ஸ் செலவை ஏற்காது. டெம்ப்ஸ்டரில் ஆம்புலன்ஸ் என்பது பல சமயம் ஹெலிகாப்டரோ சிறு விமானமோதான். அந்த பில் ஒரு புதிய பைக்கின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே கனடாவுக்குள்ளேயே பயணம் என்றாலும் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஏற்படும் விபத்து சேருமா? எத்தனை சி.சி. வரை? பல பாலிசிகளில் இன்ஜின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது.

திரும்பும்போது அலாஸ்கா பக்கமும் போகலாமே என்று தோன்றினால், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். டாசனிலிருந்து போகும் மலைச் சாலையின் எல்லைச் சாவடி கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும், அதுவும் பகல் நேரத்தில்தான்.

3. வண்டி: சொந்தமா, வாடகையா

டொராண்டோவிலிருந்து டாசன் சிட்டி சாலை வழியாக ஏறத்தாழ 6,000 கி.மீ. ஒரு மாத லீவு உள்ளவர்கள் சொந்த வண்டியிலேயே போகலாம். மற்றவர்கள் வான்கூவர் வழியாக வைட்ஹார்ஸுக்குப் பறந்து, அங்கே வண்டி எடுப்பதுதான் நடைமுறை. வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி சுமார் 530 கி.மீ., தார்ச் சாலை. அதை ஒரு தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும்போது ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். டாசன் க்ரீக் என்று இன்னோர் ஊர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் இடம் அது. நமக்கு வேண்டியது டாசன் சிட்டி. இரண்டுக்கும் நடுவே 1,900 கி.மீ. இருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் எழுத்து பொடியாக இருந்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். "சரளைச் சாலையில் ஓட்டக் கூடாது" அல்லது "டெம்ப்ஸ்டரில் ஓட்டக் கூடாது" என்று நிறைய ஒப்பந்தங்களில் இருக்கும். நான் விசாரித்த ஓரிடத்தில் போனில் "தாராளமாகப் போகலாம்" என்றார்கள். மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தத்தில் அதற்கு நேர்மாறாக இருந்தது. சாலையின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே முன்பணம். வாடகை ஒரு நாளைக்கு 150 முதல் 250 டாலர் வரை நினைத்துக்கொள்ளுங்கள், டெபாசிட் தனி. டயர் பஞ்சருக்கும் கல் அடித்து உடையும் விளக்குக்கும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த வண்டி என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. உங்களால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிற வண்டி. சாமான் ஏற்றிய 260 கிலோ வண்டி சகதியில் சாய்ந்தால், உதவிக்கு அடுத்த வாகனம் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கே.எல்.ஆர். 650, வி-ஸ்ட்ராம் 650, ஹிமாலயன் போன்றவை போதும்.

4. டயரும் அதைச் சார்ந்தவையும்

ஈகிள் ப்ளெயின்ஸை நெருங்கும் பகுதியில் சாலையில் கிடப்பது கூரான களிப்பாறைத் துண்டுகள். தேய்ந்த டயரை அவை கிழித்துவிடும். பாதி தேய்ந்த டயரோடு கிளம்பாதீர்கள்; கட்டை கட்டையாக ரப்பர் புடைத்த புது டயர் இரண்டும் மாட்டிக்கொண்டு வாருங்கள். கூலியோடு 500 டாலர் வரை ஆகலாம். இந்தப் பட்டியலில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

ட்யூப் இல்லாத டயர் என்றால் பஞ்சர் அடைக்கும் கிட், கூடவே பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப். ட்யூப் உள்ள டயர் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ட்யூப், டயர் கழற்றும் லீவர்கள். வீட்டு வாசலில் ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். யூட்யூபில் பார்த்தது கணக்கில்லை.

ஹெட்லைட்டுக்கும் ரேடியேட்டருக்கும் கம்பிவலைக் காப்பு போடுங்கள். எதிரே வரும் லாரி வாரி இறைக்கும் கல் நேராக அங்கேதான் வரும். சைட் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான தகடு கொண்டுபோங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

5. பெட்ரோல் கணக்கு

இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். டாசன் சிட்டியிலிருந்து டெம்ப்ஸ்டர் பிரியும் முனை 40 கி.மீ. அங்கிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் 369 கி.மீ. ஆக 409. முனையில் பெட்ரோல் கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். டாசனில் நிரப்பியதுதான் உங்களிடம் இருப்பது.

15 லிட்டர் டேங்க் உள்ள பழைய ஹிமாலயன் 411, நல்ல சாலையில் லிட்டருக்கு 30 கி.மீ. கொடுக்கும். கணக்குப்படி 450 கி.மீ., போதுமே என்று தோன்றும். ஆனால் சாமான் சுமை, எதிர்க்காற்று, சகதியில் இரண்டாம் கியர் எல்லாம் சேர்ந்தால் 25-க்கு இறங்கிவிடும். அப்போது 375 கி.மீ.யில் டேங்க் காலி. 20 லிட்டர் வி-ஸ்ட்ராமும் லிட்டருக்கு 20 கொடுத்தால் 400-இல் நின்றுவிடும். எந்த வண்டியாக இருந்தாலும் 5 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். லிட்டருக்கு 20 அல்லது அதற்கும் குறைவாகக் கொடுக்கும் வண்டி என்றால் 8 லிட்டர். பெட்ரோலுக்கென்றே செய்த, கசியாத கேனாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கட்டிக்கொண்டு போவது ஆபத்து.

டேங்கில் இடம் வந்ததுமே கேனைக் காலி செய்து உள்ளே ஊற்றிவிடுங்கள். விழுந்தால் கேன் உடைந்து பெட்ரோல் வீணாகாது, மேலே இருக்கும் பாரமும் குறையும். ப்ரீமியம் பெட்ரோல் மட்டுமே குடிக்கும் வண்டி என்றால் இந்தச் சாலைக்கு வேறு வண்டி பாருங்கள்.

இதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. டாசனிலிருந்து 205 கி.மீ., அதாவது முனையிலிருந்து சுமார் 165-ஆவது கி.மீ. கல்தான் பாதி வழி. அதுவரை திரும்பி டாசனுக்குப் போகும் அளவுக்கு பெட்ரோல் இருக்கும். அதைத் தாண்டினால் முன்னே போகலாம், அல்லது கூடாரம் போட்டுக் காத்திருக்கலாம். திரும்ப முடியாது. வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம் அது. இந்த எண்ணை டேங்க் மேல் ஒரு டேப் ஒட்டி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

6. தொடர்பும் பாதுகாப்பும்

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, கார்மின் இன்ரீச் போன்றது, வேண்டும். வாங்கினால் 400 டாலருக்கு மேல், மாதச் சந்தா தனி. வாடகைக்கும் கிடைக்கும். கருவியை ஜாக்கெட் பையில் வையுங்கள், வண்டிப் பெட்டியில் வேண்டாம். விழுந்து நீங்கள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகக் கிடந்தால் கைக்கு எட்டுவது பையில் இருப்பதுதான்.

கரடி விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் இடுப்பில் மாட்டுங்கள்.

7. டாசன் சிட்டியில் முந்தின நாள்

வைட்ஹார்ஸிலிருந்து வரும்போது டெம்ப்ஸ்டர் முனை டாசனுக்கு 40 கி.மீ. முன்னாலேயே வந்துவிடும். நேரம் மிச்சம் என்று அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஊருக்குள் போய் இரவு தங்கி, டேங்கையும் கேனையும் நிரப்பிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

ஆற்றங்கரைத் தெருவில் யூகான் சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது. எதிரிலேயே வடமேற்குப் பிரதேசத்தின் மையமும் உண்டு. இரண்டாவதுதான் நமக்கு. டெம்ப்ஸ்டரின் இன்றைய நிலை, படகு ஓடுகிறதா, எங்கே வேலை நடக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். சாலை நிலையைச் சொல்லும் 511 யூகான் இணையதளத்தையும் பாருங்கள். ஆனால் தளத்தில் இருப்பதை விட, அன்று காலை வடக்கிலிருந்து இறங்கி வந்த பைக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசுவது மேல். ஊர் சின்னது. உடம்பெல்லாம் சாம்பல் நிறச் சேறோடு நிற்கும் பைக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

ஈகிள் ப்ளெயின்ஸ் விடுதிக்குப் போன் செய்து அறையை உறுதி செய்யுங்கள். அந்த வட்டாரத்தில் வேறு விடுதி கிடையாது. அறை இல்லை என்றால் அங்கேயே கூடாரம் போட இடம் உண்டு. இரண்டு வேளைக்கு உணவும் 4 லிட்டர் தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கம் 200 டாலர் சில்லறையாக இருக்கட்டும்.

டயர் காற்றைச் சரளைக்குக் கொஞ்சம் குறைக்கலாம். 36 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் 30-க்கு இறக்கினால் போதும். அதற்கும் கீழே போனால் கூரான கல்லில் ஏறும்போது ரிம் அடிபடும்.

8. அந்த நாள்

காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். சாலை காய்ந்திருந்தால் நிறுத்தங்களோடு 8 முதல் 9 மணி நேரம். ஈரமாக இருந்தால் 12 மணி நேரம் தாண்டும்.

முதல் 40 கி.மீ. தார். முனையில் திரும்பினால் க்ளோண்டைக் ஆற்றுப் பாலம், அப்புறம் சரளை. தூரக் கற்கள் இங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் 20 கி.மீ. மெதுவாகப் போய் வண்டியின் ஆட்டத்தைப் பழகிக்கொள்ளுங்கள். லாரிச் சக்கரம் அழுத்திய தடத்திலேயே ஓட்டுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் சக்கரம் சற்று அலைந்துதான் போகும். 70-ஐத் தாண்ட வேண்டாம். முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்கவே வேண்டாம்.

71-ஆவது கி.மீ.யில் டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் மையம். கட்டாயம் நில்லுங்கள். கழிப்பறை, வானிலை அறிக்கை, சாலையைத் தெரிந்த ஊழியர்கள் எல்லாம் உண்டு. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் பழங்குடி மக்களின் பாரம்பரிய நிலம் இது. அங்கிருந்து 3 கி.மீ.யில் ஒரு பார்வை முனை இருக்கிறது. கறுத்த கூரான மலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க இந்த நாளிலேயே இதை விட நல்ல இடம் கிடையாது. பதினைந்து நிமிடம் தாராளமாகச் செலவழியுங்கள்.

82-ஆவது கி.மீ. வாக்கில் நார்த் ஃபோர்க் கணவாய், கிட்டத்தட்ட 1,300 மீட்டர். டெம்ப்ஸ்டரின் மிக உயர்ந்த இடம். மரங்கள் நின்றுவிடும், குளிர் சட்டென்று ஏறும். இங்கிருந்து தெற்கே விழும் மழை யூகான் ஆறு வழியாக பெரிங் கடலுக்கும், வடக்கே விழுவது மெக்கன்ஸி வழியாக ஆர்க்டிக் கடலுக்கும் போகிறது. மழைக்கோட்டை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு போட்டால் அன்று முழுவதும் சூடு திரும்பாது.

அடுத்து ப்ளாக்ஸ்டோன் மேட்டுநிலம். திறந்த வெளி, பக்கவாட்டுக் காற்று, ஏரிகள். மூஸ் மான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகத் தோன்றும். நின்று பாருங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.

நிற்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. உறைந்த நிலம் உருகாமல் இருப்பதற்காக, 1.2 முதல் 2.4 மீட்டர் வரை சரளையைக் கொட்டி உயர்த்தி அதன் மேல்தான் இந்தச் சாலையைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே சாலையின் இரு ஓரமும் சரிவு, மண்ணும் பொலபொலவென்று இருக்கும். ஓரத்தில் நிறுத்தினால் சைட் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சரிவில் உருளும். தகடு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். முடிந்தவரை அகலப்படுத்திய நிறுத்தங்களில் மட்டும் நில்லுங்கள். சாலையே அகலமாக, நேராக இருக்கும் சில இடங்கள் அவசர விமான ஓடுதளங்கள். பலகை வைத்திருப்பார்கள். அங்கே நிற்கக் கூடாது.

லாரி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொள்ளுங்கள். தூசி அடங்கும் வரை காத்திருந்து போங்கள். சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது நடுவில் ஒரு நீளமான சரளை வரப்பைக் குவித்துவிட்டுப் போகும். பைக்காரர்கள் விழுவது பெரும்பாலும் அந்த வரப்பில்தான். கூடுமானவரை குறுக்கே போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் எழுந்து நின்று, செங்கோணத்துக்குப் பக்கமாகத் திருப்பி, த்ராட்டிலை விடாமல் கடந்துவிடுங்கள். தயங்கி பிரேக் பிடித்தால் வண்டி படுத்துவிடும்.

150-ஐத் தாண்டியதும் ஓகில்வி மலைகளின் சாம்பல் நிறச் சரிவுகள் வரும். ஓடைத் தண்ணீர் இரும்பு கலந்து செந்நிறமாக ஓடும். டேங்கில் ஒட்டிய எண்ணை நினைவில் வையுங்கள். வடக்கே மேகம் கறுத்துத் தொங்கினால், 165-க்குள் திரும்பிவிடலாம். அல்லது 193-ஆவது கி.மீ.யில் என்ஜினியர் க்ரீக் முகாமுக்குப் போய்க் காத்திருக்கலாம். அரசு முகாம் அது. கட்டணம் 20 டாலர் அளவில், உறையில் ரொக்கமாகப் போட வேண்டும். விறகு இலவசம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கேன் பெட்ரோலை டேங்கில் ஊற்றவும் இதுதான் தோதான இடம்.

195 வாக்கில் ஓகில்வி ஆற்றுப் பாலம். அடுத்த 50 கி.மீ. ஆற்றை ஒட்டியே போகும் சுகமான சாலை. அதன் பிறகு ஏற்றம். 259-இல் மேட்டின் மேல் ஒரு பார்வை முனை, கழிப்பறை உண்டு. சாப்பிட்டு, கால் நீட்டி, அரை மணி நேரம் ஓய்வெடுங்கள். அன்றைய நாளின் மோசமான பகுதி இதற்கு மேல்தான்.

இங்கிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை 110 கி.மீ. மேட்டு முதுகிலேயே போகிறது. களிமண்ணும் களிப்பாறையும் கலந்த தரை. தூசி அடங்க கால்சியம் க்ளோரைடு தூவுவார்கள். காய்ந்திருக்கும்போது கெட்டியாக, தார்ச் சாலைக்கு இணையாக இருக்கும். நாலு தூறல் விழுந்தால் சோப்பு தேய்த்த தரை போல் ஆகிவிடும். மழை பிடித்துக்கொண்டால் முதலாம் இரண்டாம் கியரில், இரு காலையும் லேசாகத் தொங்கவிட்டு, மணிக்கு 20-இல் போனாலும் பரவாயில்லை. அதுவும் முடியவில்லை என்றால் அகலமான நிறுத்தத்தில் நின்றுவிடுங்கள். மழை விட்டுக் காற்றடித்தால் சில மணி நேரத்தில் மேல்பரப்பு இறுகிவிடும். ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் இருட்டாது என்பதால் இரவு 10 மணிக்கு மீண்டும் கிளம்பினாலும் தவறில்லை.

இந்தச் சகதி ரேடியேட்டர் இடுக்கில் புகுந்து சிமெண்ட் போல இறுகும். வெப்பநிலை முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முன் மட்கார்டு தாழ்வாக உள்ள வண்டிகளில் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

9. ஈகிள் ப்ளெயின்ஸ் வந்ததும்

உணவகம் மூடும் நேரத்தை முதலில் கேளுங்கள், குளியல் அப்புறம். பெட்ரோலை அன்று மாலையே நிரப்பிவிடுங்கள். டாசனை விட விலை அதிகம்தான், இருந்தாலும் டேங்கையும் கேனையும் முழுசாக. டயரைக் கையால் தடவிப் பாருங்கள், கல் குத்தியிருந்தால் இங்கேயே சரிபார்க்கலாம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பெட்டி மாட்டியிருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்குங்கள். ஒரு நாள் அதிர்வில் பாதி தளர்ந்திருக்கும்.

நேரம் குறைவு என்றால் மறுநாள் இங்கிருந்து 36 கி.மீ. போய், 405-ஆவது கி.மீ.யில் ஆர்க்டிக் வட்டப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கடல் வரை போகிறவர்களுக்கு அடுத்த பெட்ரோல் சுமார் 180 கி.மீ. தள்ளி ஃபோர்ட் மெக்ஃபர்சனில். இரண்டு படகுகளுக்கும் கட்டணம் இல்லை. போன வழியேதான் திரும்ப வேண்டும், வேறு சாலை கிடையாது.

10. செலவும், திரும்பிய பிறகும்

வாடகை வண்டியில் வைட்ஹார்ஸிலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் போய்த் திரும்ப, உபரி நாள்களோடு 8 நாள் என்று வைத்துக்கொண்டால், வண்டிக்கு மட்டும் 1,200 முதல் 2,000 டாலர். பெட்ரோல், தங்கல், உணவு, காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னொரு 2,000 தயாராக வையுங்கள். விமான டிக்கெட் இதில் சேராது. வண்டி நடுவழியில் நின்றால் டாசனுக்கு இழுத்துவர ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சாலை உதவிச் சந்தாக்களில் கி.மீ. வரம்பு உண்டு என்பதால், அதைத் தாண்டும் தூரத்துக்கு கிரெடிட் கார்டில் இடம் வைத்திருங்கள்.

டாசன் திரும்பிய அன்றே வண்டியைக் கழுவுங்கள். கால்சியம் க்ளோரைடு இரும்பை அரிக்கும், மின் இணைப்புகளில் பச்சை பூக்கவைக்கும். வெந்நீர் கிடைத்தால் நல்லது. அதிக அழுத்தத்தில் பீய்ச்சாமல், இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவினால்தான் போகும். வாடகை வண்டி என்றால் கழுவிய பிறகு நாலு பக்கமும் படம் எடுத்துவைத்துக்கொண்டு ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் துப்புரவுக் கட்டணம் என்று டெபாசிட்டில் பிடிப்பார்கள். மிஞ்சிய கரடி ஸ்ப்ரேயை வடக்கே போகிற இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு விமான நிலையம் போங்கள்.